பால் நுரைக்கவில்லை என்று மெஷினை விற்கப் போகிறவர்களுக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கோபம் வந்தாலும் முடியும் வரை வாசித்துவிட்டு அதன் பிறகு திட்டுங்கள்.

கடந்த ஒரு மாதத்துக்குள் மாத்திரம் எங்கள் ஊர் விற்பனைக் குழுமத்தில் நான்கு கோப்பி மெஷின்கள் விலைக்கு வந்தன. நான்கும் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தவை. நான்கின் கீழும் ஒரே வசனம்: "பாவித்தது குறைவு, நல்ல கண்டிஷன்." ஒன்றின் கீழே யாரோ "ஏன் விக்கிறீங்க?" என்று கேட்க, உரிமையாளர் மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டார்: "பால் நுரைக்குதில்ல." அதற்குக் கீழே வந்த கருத்துகளை எண்ணிப் பார்த்தோம், முப்பதைத் தாண்டியது. "அந்தக் கம்பனி சரியில்லை." "15 பார் எடுத்திருப்பீங்க, 20 பார் எடுத்திருக்கணும்." "இலங்கைப் பாலுக்கு அது சரிவராது." "எங்கட வீட்டிலயும் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு." பாலை நுரைக்க வைப்பது பழக வேண்டிய ஒரு கைவேலை என்று அந்த முப்பது பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஐந்தாவது மெஷின் எங்களுடையதாக இருந்திருக்க வேண்டியது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மற்ற விடயத்துக்கு வர வேண்டும். ஏனெனில் இதில் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் நாங்கள்தான்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கட்டாரில் இருக்கும் மச்சான் போன வருடம் லீவில் வந்தபோது ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம்பளத்தில் வாங்கக்கூடிய சாமான் அது இல்லை. பெருநாளுக்கு வந்த விருந்தாளிகளுக்கு கெப்புச்சினோ கொடுக்கப் போய், பெரிய பெரிய குமிழியோடு, சவர்க்காரம் கரைத்த தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொடுத்தோம். மேலே நுரை, கீழே வெந்த பால், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மகள், சும்மா ஒரு தேத்தண்ணி ஊத்துங்க" என்றார். நான்கு மாதம் இப்படியே போனது. கிழமைக்கு இரண்டு லீற்றர் பால் வாங்கினோம். அதில் எவ்வளவு தொட்டிக்குள் போனது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் விற்பதென்று முடிவெடுத்தோம். கடைக்குக் கொண்டுபோக ஒரு முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டோம். வந்த தம்பி மெஷினைக் கையில் தூக்கியதும் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் சேர் விக்கிறீங்க?"

"பால் நுரைக்குதில்ல தம்பி."

"மெஷின்ல ஒண்டுமில்ல சேர். பாலக் கொண்டு வாங்க, ஒருக்காப் பாப்பம்."

பத்து நிமிடம்தான் எடுத்தது. அதே மெஷின், அதே பால், அதே ஜக். மேலே பளபளவென்று, ஈரம் காயாத பெயின்ற் மாதிரி ஒரு பால். குமிழி என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குடித்துப் பார்த்தால் சீனி போடாமலே இனிக்கிறது. "எங்க தம்பி பழகினீங்க?" என்று கேட்டோம். டோஹாவில் ஒரு ஹோட்டலின் கோப்பிப் பகுதியில் ஒன்பது வருடம் வேலை செய்தாராம். 2022 உலகக் கிண்ணக் காலத்தில் இரவு பகலாக நின்று ஊற்றினாராம். ஊருக்கு வந்து இரண்டு வருடமாக ஓட்டோ ஓட்டுகிறார்.

"ஏன் இத இஞ்ச யாருக்கும் சொல்லிக் கொடுக்கல்ல?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "சொன்னா யார் மதிக்கிற சேர்? ஹோட்டல்ல தேத்தண்ணி ஊத்தினவன் எண்டுதானே சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு இடத்துல கலியாணம் பேசி அதாலதான் நிண்டது." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்கதான் எங்கட தம்பிக்குப் படிப்பிச்ச. 'ஒழுங்காப் படிக்காட்டி வெளிநாட்டுல போய்த் தேத்தண்ணிதான் ஊத்த வேண்டி வரும்' எண்டு வகுப்புல சொன்னீங்களாம். அவன் வீட்ட வந்து என்னட்டச் சொன்னான். அப்ப நான் டோஹாவுல. போன்ல கேட்டன்."

சொன்னோமா என்றால், சொன்னோம். ஒரு தடவை அல்ல, பல தடவை. எங்கள் பாடசாலையில் மாத்திரமா? இந்த ஊரில் எந்த வகுப்பறையிலும் வருடத்துக்குப் பத்துத் தடவையாவது கேட்கிற வசனம் அது. அந்தப் பிள்ளை எந்த வாங்கில் இருந்து அதைக் கேட்டான் என்றுகூட எங்களுக்கு ஞாபகம் இல்லை. அவனுடைய சாப்பாடும் கொப்பியும் சப்பாத்தும் அந்தத் தேத்தண்ணிக் காசில்தான் வந்தன.

இனி விடயத்துக்கு வருவோம். அந்தத் தம்பி எங்களுக்குக் காட்டித் தந்ததை அப்படியே எழுதுகிறோம். எழுதுவதன் நோக்கம் ஒன்று, வீட்டில் பால் வீணாகாமல் இருக்க வேண்டும். மற்றது, இதற்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று நீங்களே கண்டுகொள்ள வேண்டும்.

முதலில் அந்த 'பார்' கதையை முடித்துவிடுவோம். பெட்டியில் 15 பார், 20 பார் என்று அடித்திருப்பது கோப்பித் தூளுக்குள் தண்ணீரைத் தள்ளும் பம்பியின் உச்ச அமுக்கம். கோப்பி இறங்குவதற்குத் தேவை 9 பார் அளவுதான். பாலுக்குப் போகும் ஆவிக்கும் அந்த இலக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆவி வருவது உள்ளே சூடேறும் சின்னக் கொதிகலனிலிருந்து. அங்கே அமுக்கம் ஒரு பாருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆகவே '20 பார் எடுத்திருக்கணும்' என்று கருத்திட்ட சகோதரர்களே, அது மோட்டார் சைக்கிள் மெதுவாக ஓடுகிறது என்று ஹோர்னை மாற்றச் சொல்வது மாதிரியான ஆலோசனை.

அடுத்தது அந்தப் பிளாஸ்டிக் உறை. வீட்டுக்கென்று வரும் மெஷின்கள் நிறையவற்றில் ஆவிக் குழாய்க்கு மேலே தடித்த உறை ஒன்று மாட்டியிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சின்னத் துளை அல்லது பிளவு இருக்கும். தெரியாதவர்களும் நுரை எடுக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. ஆவி கீழே பாயும்போது அந்தத் துளையால் காற்றை இழுத்துப் பாலுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், நிறுத்தாது. அதனால்தான் குமிழி பெரிதாக வருகிறது. சில மெஷின்களில் உறையைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் மெல்லிய குழாயாலேயே வேலை செய்யலாம். எங்களுடையது அந்த வகை. சிலதில் உள்குழாய் மிகக் கட்டையாக இருக்கும். அப்படியானால் உறை இருக்கட்டும், துளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வினாடி துளை பாலுக்கு மேலே நிற்க வேண்டும், அதன் பிறகு ஜக்கை உயர்த்தித் துளையைப் பாலுக்குள் மூழ்க விட வேண்டும். மூழ்கியதும் காற்று நிற்கும். இந்த ஒரு விடயத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த நான்கு மெஷின்களில் இரண்டாவது விலைக்கு வந்திராது என்று தம்பி சொல்கிறார்.

பால் பிரிஜ்ஜிலிருந்து நேரே வர வேண்டும், ஜக்கும் குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. குளிர் எதற்கு என்றால், நேரத்துக்கு. 4 பாகையில் தொடங்கும் பால் 60 பாகைக்குப் போகும் வரை உங்கள் கைக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது. அறைச் சூட்டில் தொடங்கினால் நீங்கள் யோசித்து முடிக்க முதல் பால் வெந்துவிடும். நாங்கள் மேசையில் வைத்த பாலைத்தான் நான்கு மாதமாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அளவும் முக்கியம். 350 மில்லிலீற்றர் ஜக் என்றால் வாய் மடிப்புத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை, ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் பால். நுரை ஏற இடம் வேண்டும். விருந்தாளி நான்கு பேர் என்று பெரிய ஜக்கில் நிறைத்து வைத்தால் வீட்டு மெஷினின் சின்னக் கொதிகலன் பாதியில் மூச்சு வாங்கிவிடும். ஆவி பலமிழந்தால் சுழி நிற்கும், சுழி நின்றால் குமிழி உடையாது. இரண்டு தடவையாகச் செய்யுங்கள். பெரியம்மா காத்திருப்பார்.

ஆவிப் பொத்தானை அழுத்திவிட்டு விளக்கு வரும் வரை பொறுக்க வேண்டும். வந்ததும் உடனே பாலுக்குள் விடக்கூடாது. குழாயை ஒரு வெறும் கோப்பைக்குள் பிடித்துச் சில வினாடி திறந்தால் முதலில் தண்ணீர் துப்பும், பிறகு சுத்த ஆவி வரும். அந்தத் தண்ணீர் பாலுக்குள் போனால் பால் நீர்த்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே கொதிகலன் உள்ள மெஷின்களில் விளக்கு வந்ததும் உள்ளே சூடாக்கி நின்றுவிடும். ஆவியைக் கொஞ்சம் வெளியே விட்டதும் சூடு இறங்கி அது மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அந்த நேரத்தில் பாலைப் பிடித்தால் முடியும் வரை ஆவி பலமாக நிற்கும்.

இனி கை வேலை. குழாயின் நுனி பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே, சில மில்லிமீற்றர்தான். நடுவில் பிடிக்காமல் ஒரு பக்கமாக, ஜக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பால் சுழலத் தொடங்கும். ஆவியை முழுதாகத் திறக்க வேண்டும். பயந்து கொஞ்சமாகத் திறந்தால் ஒன்றும் நடக்காது. காதை வைத்துக் கேளுங்கள். கடதாசி கிழிகிற மாதிரி 'ட்ஸ் ட்ஸ்' என்ற சத்தம் வந்தால் காற்று சரியாகப் போகிறது. கீச்சென்று அலறினால் நுனி ஆழத்தில் இருக்கிறது. 'கொப் கொப்' என்று துப்பினால் வெளியே வந்துவிட்டது. ஜக்கின் அடியில் மற்றக் கை இருக்க வேண்டும். குளிர் போய், உள்ளங்கையின் சூடும் ஜக்கின் சூடும் ஒன்று என்று தோன்றும்போது, அதாவது 37 பாகை அளவில், காற்றுக் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது எப்படி? ஜக்கை ஒரு நூல் அளவு உயர்த்தினால் நுனி ஆழத்துக்குப் போகும், கிழியும் சத்தம் நிற்கும். அதற்குப் பிறகு சுழி மாத்திரம். அந்தச் சுழிதான் பெரிய குமிழிகளை இழுத்து உடைத்துச் சின்னதாக்குகிறது. கை தாங்க முடியாத சூடு வந்ததும் ஆவியை மூட வேண்டும். முதலில் மூடிவிட்டு, அதன் பிறகு ஜக்கை எடுங்கள். மாறிச் செய்தால் சட்டையில் பால் ஓவியம் வரும். எங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

பால் அறுபதிலிருந்து அறுபத்தைந்து பாகைக்குள் நிற்க வேண்டும். சமையலறை வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கி எங்கள் பழைய முறையை அளந்து பார்த்தோம், 80 தாண்டியது. 'கொதிக்கக் கொதிக்க' குடித்துப் பழகிய ஊர் என்பதால் அது போதாது என்று வேறு நினைத்தோம்! 70 பாகை தாண்டினால் பாலின் புரதம் குலைந்து வெந்த பால் வாசம் வரத் தொடங்கும், இனிப்பும் நாக்குக்குத் தெரியாமல் போகும். பிறகு அதை மறைக்க மூன்று கரண்டி சீனி. இந்த ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதெல்லாம் புதுமையா என்றால், இல்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடையில் இரண்டு கையையும் விரித்து ஆற்றுகிற காக்கா வேறென்ன செய்கிறார்? உயரத்திலிருந்து விழும்போது காற்றுப் போகிறது, பிறகு கோப்பைக்குள் சுழன்று கலக்கிறது. மலேசியாவில் 'தே தாரிக்' என்று அதையே பெயர் பெற வைத்தவர்கள் அங்கே கடை வைத்த இந்திய முஸ்லிம்கள். 'தாரிக்' என்றால் மலாயில் இழுப்பது. காற்று முதலில், கலப்பது பிறகு. மெஷின் அதை ஆவியால் செய்கிறது, குமிழி இன்னும் சின்னதாக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பாருங்கள், அந்தக் காக்கா ஆற்றுவதைக் காணொளி எடுத்துப் போடுகிறோம், அவருடைய மகனுக்குப் பெண் கொடுப்பதென்றால் யோசிக்கிறோம்.

பாலைப் பற்றி வந்த 'இலங்கைப் பாலுக்குச் சரிவராது' என்ற கருத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பால் எந்த நாட்டுடையது என்று நுரைக்குத் தெரியாது. குமிழியைச் சுற்றித் தோல் மாதிரிப் பிடித்து வைப்பது பாலின் புரதம். தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைவு, நுரையும் குறைவு. வெயிலில், மோட்டார் சைக்கிளின் பின்னால் கானில் குலுங்கிக்கொண்டு வந்து மதியம் வரை வெளியே கிடந்த பாலில் கொழுப்பு உடையத் தொடங்கிவிடும். உடைந்த கொழுப்பு நுரையை நிற்க விடாது. மணத்தில் பிழை தெரியாது, குடிக்கவும் குடிக்கலாம், ஆனால் நுரை வந்து வந்து விழும். காலையில் கறந்த பாலை வாங்குகிறவர்கள் உடனே காய்ச்சி, பாத்திரத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஆற்றி, ஆடையை வடித்து, பிரிஜ்ஜில் வைத்துக் குளிர்ந்த பின் எடுங்கள். பெட்டிப் பால் என்றால் ஹைலண்டோ கொத்மலையோ அம்பேவெலவோ, கொழுப்பு நீக்காத வெறும் பால் எதுவும் நன்றாகவே நுரைக்கும். திகதியைப் பார்த்து வாங்கினால் போதும்.

எருமைப் பாலையும் பரிசோதித்தோம். மட்டக்களப்புத் தயிருக்குப் பெயர் வாங்கித் தந்த பால் இதற்கும் வேலை செய்யாதா என்ற ஆசைதான். பசுப்பாலில் கொழுப்பு 4 வீத அளவில் இருக்க, எருமைப்பாலில் 7 வீதத்தையும் தாண்டும். நுரை தடிப்பாக வந்தது, குடிக்கக் கனமாக இருந்தது, கோப்பியின் வாசத்தை மூடிவிட்டது. பாதிக்குப் பாதி பசுப்பாலோடு கலந்தால் அருமை. எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமைக்கு அதுதான்.

'நாட்டில் பால்மாவுக்கே வழியில்லை, உங்களுக்கு கெப்புச்சினோ கேக்குதா?' என்று இந்நேரம் யாராவது எழுதத் தொடங்கியிருப்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 இல் ஒரு பால்மாப் பக்கெற்றுக்காகக் கைக்குழந்தையோடு வரிசையில் நின்ற தாய்மாரை நாங்கள் மறக்கவில்லை, அந்த வரிசையில் நாங்களும் நின்றோம். அதனால்தான் சொல்கிறோம், மெஷின் ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி நடப்பது பாலைத் தொட்டிக்குள் ஊற்றுவதுதான். அதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். பால்மாவிலும் செய்யலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 125 கிராம் அளவில் கட்டியில்லாமல் கரைத்து, இரவு முழுக்கப் பிரிஜ்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுங்கள். கரைத்த உடனே ஆவி பிடித்தால் மா இன்னும் தண்ணீரை முழுதாகக் குடித்திருக்காது, நுரை சொரசொரப்பாக வரும். கோப்பி பிடிக்காத வீடு என்றால் கடும் சாயத்துக்கு மேல் இந்தப் பாலை ஊற்றுங்கள், எங்கள் உம்மாவுக்கு இப்போது அது இல்லாமல் விடியாது. இஞ்சி போடுகிறவர்கள் பச்சைச் சாற்றைப் பாலுக்குள் விட வேண்டாம், பால் திரையும். இஞ்சியைச் சாயத்தோடு கொதிக்க வைத்துவிட்டால் அந்தக் குணம் போய்விடும்.

பழகுவதற்குப் பாலே தேவையில்லை என்பதுதான் எங்களைத் தலைகுனிய வைத்த விடயம். ஜக்கில் குளிர்ந்த தண்ணீரும், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு துளியும். அவ்வளவுதான். பால் மாதிரியே சுழலும், நுரைக்கும், பிழை விட்டால் பெரிய குமிழி காட்டும். டோஹாவில் புதிதாக வருபவர்களை முதல் நாட்களில் இப்படித்தான் பழக்குவார்களாம். இருபது தரம் செய்தாலும் ஒரு ரூபா நட்டமில்லை. முடிந்ததும் குழாயைத் துடைத்து, வெறும் தண்ணீருக்குள் ஆவி விட்டுக் கழுவிவிடுங்கள். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இரண்டு வருடம் இதைத்தான் சொல்லித் தந்தார்கள்: காட்டு, கூடச் செய், தனியே செய்ய விடு, பிழை விட்டால் பொருள் வீணாகாத மாதிரிப் பயிற்சியை அமை. பிள்ளைகளுக்குக் குறிப்பெழுதிக் கொடுத்த நாங்கள், சொந்தக் குசினியில் நான்கு மாதம் பாலைக் கொட்டினோம். ஒன்பது வருடம் நின்று பழகிய தம்பி எந்தக் குறிப்பும் இல்லாமல் அதைச் செய்து காட்டினார்.

சுத்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆவியை மூடியதும் குழாய் குளிரும்போது பாலை உள்ளே இழுக்கும். உடனே ஈரத்துணியால் துடைத்து ஒரு வினாடி ஆவியைத் திறந்து விடுங்கள். நாளைக்கு என்று விட்டால் காய்ந்து துளையை அடைக்கும், பிறகு 'ஆவி வருதில்ல' என்று அடுத்த விளம்பரம். பாலுக்குள் சீனியோ மோல்ட் மாவோ போட்டு ஆவி பிடிக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உங்கள் கேத்தலின் அடியைப் பாருங்கள். அங்கே வெள்ளையாகப் படிந்திருந்தால் மெஷினுக்குள்ளும் அதேதான் படிகிறது. வடிகட்டிய தண்ணீர் பாவியுங்கள், மெஷினோடு வந்த புத்தகத்தில் சொன்ன காலத்துக்குச் சுண்ணாம்பு நீக்குங்கள்.

இவ்வளவையும் வாசித்தவர்கள் இப்போது சொல்லுங்கள், இது வேலையா இல்லையா? காது, கை, சூடு, நேரம் நான்கையும் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். வரிசையில் முப்பது பேர் நிற்க, அதை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். அதைச் செய்தவரைத்தான் 'தேத்தண்ணி ஊத்தினவன்' என்கிறோம். இலட்சம் ரூபா மெஷினை அலுமாரிக்கு மேலே வைத்திருப்பவர் 'வசதியான ஆள்', அதை இயக்கத் தெரிந்தவர் ஓட்டோக்காரன்.

புதிதாகத் திறந்த கோப்பிக் கடைகளின் முதலாளிமார் சிலரும் இதை வாசிப்பீர்கள். கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சிக்குப் பெருந்தொகை கொடுத்தீர்கள். அதே வேலைக்கு ஊர்ப் பொடியன் வந்து கேட்டபோது 'நாள் சம்பளத்துக்கு நில்லு பாப்பம்' என்று சொன்னீர்கள். ஊர்க்காரன் என்றால் விலையைக் குறைத்துக் கேட்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சாந்து பூசுகிறவரிடம், தச்சரிடம், வயரிங் செய்கிறவரிடம், ரியூஷன் கொடுக்கும் ஆசிரியரிடம்கூட இதே பேச்சுத்தான். 'நம்மட ஆள்தானே, பாத்துப் போடுங்க.' நம்முடைய ஆள் என்றால் கூடக் கொடுக்க வேண்டாமா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 13 வருட உத்தரவாதக் கல்வி என்று 2017 இல் தொழிற்பாடங்களையும் பாடசாலைக்குள் கொண்டு வந்தார்கள். அதை 'சாதாரண தரம் சரிவராத பிள்ளைகளின் வகுப்பு' என்று பெயர் வைத்துக் கெடுத்தது அரசாங்கம் மாத்திரமா? ஆசிரியர் அறையில் இருந்துகொண்டு நாங்களும் அப்படித்தான் பேசினோம். இனிப் பேசமாட்டோம். அந்த வசனத்தையும் வகுப்பில் சொல்லமாட்டோம். தம்பியின் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, "பரவாயில்ல சேர், கெப்புச்சினோ இரிக்கா?" என்று கேட்டான்.

ஆகவே ஓர் அறிவித்தல். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு மணித்தியால வகுப்பு. அன்று காலையில் சகோதரிகளுக்கு வேறாக நடக்கும், டீச்சர் கூட இருப்பார். தங்கள் மெஷினையும் ஜக்கையும் கொண்டு வரலாம். பழகுவதற்குத் தண்ணீரும் சவர்க்காரத் திரவமும் நாங்கள் தருவோம், கடைசிச் சுற்றுக்கு மாத்திரம் பால். ஆளுக்கு 1500 ரூபா, முழுவதும் தம்பிக்கு, கையில் கொடுக்க வேண்டும். பேரம் பேசுகிறவர்கள் வர வேண்டாம். வருகிறவர்கள் அவரை 'சேர்' என்று கூப்பிட வேண்டும், நாங்களும் அப்படித்தான் கூப்பிடப் போகிறோம். சீனி வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.